ஏழாம் கேள்விக்கு இல்லை

நவம்பர் 6, திங்கள்

எங்கள் ஜன்னல் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் காப்பி இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் முதல் ஆளுக்கு இரண்டு நாள்தான் வேலை. வசந்தம் வந்து ஊரில் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல் கேட்க ஆரம்பிக்கும் வரை இப்படித்தான். மீதி நாட்களுக்கு மாநிலத்திடம் பாதி வேலையிழப்பு உதவி கேட்டுக்கொள்ளலாமாம். கீழே ஒரு சிரிக்கிற மூஞ்சி வரைந்திருந்தது. வரைந்த கை விளங்காமல் போக.

பெவ் என் பக்கத்து மேஜையில் கண்ணாடி பொருத்துகிறவள். முப்பது வருஷமாக இங்கே குப்பை கொட்டுகிறாள். அவளுக்கு இதெல்லாம் சளி பிடித்த மாதிரி. "எதுக்குடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு. ஒம்போது கேள்வி கேக்கும், பதில் சொல்லு. காசு வரும். அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு அவ்வளவுதான் இல்லை. வீட்டைச் சூடாக்க வெளியே நிற்கிற கேஸ் தொட்டி கால்வாசிக்கும் கீழே. இந்த ஏரிக்கரைக் குளிரில் அது தீர்ந்தால் வீடு ஐஸ் பெட்டி. வீடு குளிர்ந்தால் வெஸ் சும்மா இருக்கமாட்டான். எங்கள் மகள் மேரன் ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவனிடம் என்று நீதிபதி எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதை மாற்ற ஒரு காரணம் கிடைக்காதா என்று என் முன்னாள் புருஷன் காத்துக்கொண்டிருக்கிறான். எட்டு வயதுப் பிள்ளை கோட்டு போட்டுக்கொண்டு தூங்கினாள் என்பதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இந்த நோட்டு தொழிற்சாலை கொடுத்த பரிசு. அட்டையில் 'விபத்தில்லாத இருநூறு நாட்கள்' என்று போட்டிருக்கிறது. சரி, பார்ப்போம்.

நவம்பர் 12, ஞாயிறு

விபத்து.

மாநிலத்தின் இணையதளத்தில் புதுக் கணக்கு தொடங்கப் போனால், உனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்கிறது. இருக்கிறதுதான். கொரோனா வருஷத்தில் தொழிற்சாலையை மூடியபோது வெஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்து திறந்து கொடுத்தான். 'நீ தள்ளு, உனக்கு இதெல்லாம் வராது.' தள்ளினேன். இப்போது பாஸ்வேர்டு நினைவில்லை. புதிதாகப் போட வேண்டுமென்றால் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், பத்து நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும் என்றது. 48 என்று முடிகிற போன். அது வெஸ்ஸின் போன்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்தின் நடுவில் இந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள், செத்தால் ஒழிய. பாதி ஆட்டம் முடியும் வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

"அந்த நம்பர் இப்ப என்கிட்ட இல்ல. கம்பெனி எனக்குப் புது போன் குடுத்துச்சு. பழசு ரெனேகிட்ட இருக்கு" என்றான்.

ரெனே அவனுடைய புது மனைவி. பல் மருத்துவமனையில் முன்மேஜையில் உட்கார்கிறவள். எல்லாரையும் செல்லம் என்பாள்.

"அய்யோ, கோரின் செல்லமா! ஒரு நிமிஷம், கையெல்லாம் மாவு." ஓடுகிற பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் கை கழுவினாள். பிறகு இரண்டிரண்டு எண்ணாகச் சொன்னாள். "எழுதிக்கிட்டீங்களா? எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன்.

நவம்பர் 19, ஞாயிறு

உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் புதிய எண் வேண்டுமாம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ரெனே.

மான் வேட்டை தொடங்கியதால் வெஸ் காட்டில். அவன் இல்லாததால் ரெனேக்குப் பேச நேரம் இருந்தது. "இன்னும் பாதி வேலதானா உங்களுக்கு? பாவம். ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளுங்க."

எண்தான் வேண்டும் என்றேன்.

ஒன்பது கேள்விகளும் வந்தன. எத்தனை மணி நேரம் வேலை செய்தாய், எவ்வளவு சம்பாதித்தாய், வேறு வேலை தேடினாயா, யாராவது கொடுத்த வேலையை மறுத்தாயா. ஏழாவது இது: 'வேலைக்கு வருவதைத் தடுக்கும் வகையில் யாரையாவது கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறதா?'

இருக்கிறதே. 'ஆம்' என்று அழுத்தினேன். உடனே கீழே ஒரு பெட்டி திறந்தது. விளக்கவும், ஐந்நூறு எழுத்துக்கு மிகாமல்.

எழுதினேன். 'என் மகள் மேரனுக்கு எட்டு வயது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்னிடம் இருப்பாள். அந்த வாரங்களில் மூன்று நாற்பதுக்கு பள்ளிப் பேருந்து அவளை இறக்கிவிடும், அப்போது நான் வாசலில் நிற்க வேண்டும். ஆகவே இரவு ஷிஃப்ட் செய்ய முடியாது. பகலில் எந்த நாளும் தயார். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.'

ஐந்து மணிக்கு பெட்ரோல் பங்க் வாசலில் மேரனை வாங்கிக்கொண்டேன். அங்கேதான் எப்போதும் கைமாற்றம். ஒரு பல் விழுந்திருந்தது. ரெனே அதைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். டப்பாவில் மருத்துவமனையின் பெயர்.

நவம்பர் 28, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. 'ஏழாம் கேள்விக்கு நீங்கள் அளித்த பதிலின் காரணமாக உங்கள் உதவித்தொகை விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கப்படுகிறது.' நேற்று முன்தினமும் அதே பதில்தான் எழுதினேன். ஆக இரண்டு வாரமும் போச்சு.

கேஸ் லாரிக்குச் சொல்லவில்லை. வெப்பத்தைக் குறைத்துவிட்டு அடுப்பறையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல வேளை, இது வெஸ்ஸின் வாரம்.

நவம்பர் 29, புதன்

பெவ்விடம் கடிதத்தைக் காட்டினேன். படித்தாள். நான் பெட்டியில் எழுதியதைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வரிசைக்காரர்களையும் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வாங்க! இவ மெஷின்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கா! தொந்தரவுக்கு மன்னிக்கவும்னு எழுதியிருக்காடா!"

"அப்பறம் என்ன எழுதணும்?"

"ஏழாவதுக்கு இல்லைன்னு அழுத்தணும். எல்லாரும் அதத்தான் செய்றோம். நான் எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்த வருஷம் பூரா இல்லைன்னுதான் போட்டேன். அது தாய்கிட்ட கேக்கற கேள்வி இல்லடி, தொழிலாளிகிட்ட கேக்கறது. விசாரணைன்னா பனி உருகித்தான் வருவானுங்க. அதுவரைக்கும் உம் பொண்ணு எத எரிச்சுக் குளிர் காயுவா? ஜன்னல் சட்டத்தையா?"

ஊர் முழுக்க இப்படித்தான். வாசலில் பனி வாரும்போது பக்கத்து வீட்டுப் பாதையில் இரண்டு அடி சேர்த்து வாரிவிட்டு, அதற்கும் மன்னிப்புக் கேட்கிற ஜனங்கள் நாங்கள். ஆனால் மெஷினிடம் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

டிசம்பர் 1, வெள்ளி

மாநில அலுவலகத்துக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி ஒன்றரை மணி நேரம் ஒரே பியானோ இசை. பிறகு ஒரு ஆள் வந்தார். களைத்த குரல், ஆனால் கெட்ட மனுஷன் இல்லை.

"ஏழாவது கேள்விக்கு நான் என்ன பதில் போடணும்?"

"அத நான் சொல்லக் கூடாது மேடம். உண்மையப் போடுங்க."

"உண்மையத்தான் போட்டேன். நிறுத்திட்டீங்களே."

"ஆம்னு போட்டா விசாரணைக்குப் போகும். இல்லைன்னு போட்டா போகாது. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

வேறென்ன சொல்ல வேண்டும்?

டிசம்பர் 3, ஞாயிறு

மேரன் வரும் நாள். வீடு குளிர். காலையில் உறைந்துபோன தண்ணீர்க் குழாய்க்கு ஹேர் டிரையர் பிடித்தேன்.

ஒரு மணிக்கு ரெனே. எண் கொடுத்தாள். ஏழாவது கேள்வி.

யோசித்தேன். இரவு ஷிஃப்டுக்கு யாரும் கூப்பிடப்போவதில்லை, தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டே கிடையாது. அப்படியானால் என்னை எதுவும் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்றால் இல்லை என்பது பொய் இல்லை. அப்படித்தானே? அப்படித்தான்.

'இல்லை' என்று அழுத்தினேன். பெட்டி திறக்கவில்லை. நேராக எட்டாவது கேள்வி வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா?

டிசம்பர் 7, வியாழன்

காசு வந்தது. கேஸ் லாரி வந்தது. மேரன் கையில்லாத பனியனோடு வீட்டுக்குள் ஓடினாள். இரண்டு பேரும் பொரித்த மீன் வாங்கி வந்து டிவி முன்னால் தின்றோம். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை, ஊர் வழக்கப்படி மீன் நாளைக்குத்தான் தின்ன வேண்டும் என்று சட்டம் பேசினாள். பேசட்டும்.

டிசம்பர் 10, ஞாயிறு

எண் சொல்லி முடித்ததும் ரெனே கேட்டாள்: "இந்த வாரம் பதினாறு மணி நேரந்தானா செல்லம்? கிறிஸ்துமஸ் வேற வருது."

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்தெந்த நாள் வேலைக்குப் போகிறேன் என்று இந்த வீட்டில் பார்க்கிறவள் மேரன் ஒருத்திதான்.

இல்லை: இரண்டாவது.

டிசம்பர் 17, ஞாயிறு

பெட்ரோல் பங்கிலிருந்து வரும் வழியில் காரிலேயே கேட்டுவிட்டேன்.

"நான் எத்தன மணி நேரம் வேல பாக்கறேன்னு அங்க போய் சொன்னியா?"

"இல்லம்மா."

"பின்ன ரெனேக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. நான் சொல்லல."

"பொய் சொல்லாத மேரன். இந்த வீட்டு விஷயத்த அந்த வீட்டுல போய் கொட்டற வேல வச்சுக்காத. புரியுதா? உளவாளி மாதிரி."

உளவாளி என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றி, ஒன்றோடொன்று ஒட்டி நேராக வைத்தாள். அவள் எப்போதும் அப்படி வைக்கிறவள் இல்லை. நானும் கண்டுகொள்ளவில்லை. எனக்குக் கோபம். எண்ணுக்காகக் கையேந்தி நிற்கிற கோபத்தை வேறு எங்கே கொட்ட?

இல்லை: மூன்றாவது.

டிசம்பர் 24, ஞாயிறு

ஐந்து மணிக்கு மேரனைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அவர்களுடையது. காலையில் எண் கேட்டபோது ரெனே, "பண்டிகை நாள்லகூட விடமாட்டீங்களா!" என்று சிரித்தாள். பின்னணியில் யாரோ சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் எண் வராதே.

ஜனவரி 3, புதன்

நீதிமன்றக் கடிதம். வெஸ் மனு போட்டுவிட்டான். பள்ளி நாட்கள் முழுக்க மேரன் அவனிடம்; எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சனி ஞாயிறு. காரணம்: தாயின் நிலையற்ற வேலை, தாயின் கவனக் குறைவு. பிப்ரவரி 15 விசாரணை.

கவனக் குறைவா? நானா? அவள் எந்தக் காலுறையில் ஓட்டை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா?

உள்ளே மேரன் தூங்குகிறாள். வீடு கதகதப்பாக இருக்கிறது. வீடு கதகதப்பாக இருக்கிறது என்பதை நீதிபதி வந்து தொட்டுப் பார்க்கட்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

ரெனே எண் சொன்னாள். அடித்தேன், தவறு. திரும்பச் சொன்னாள், தவறு. மூன்றாவது முறையும் தவறு. கணக்கு பூட்டிக்கொண்டது.

"அச்சச்சோ! ஆறையும் ஒம்போதையும் மாத்திச் சொல்லிட்டேன் போலருக்கே. கண்ணாடி போடல செல்லம்."

அவள் கண்ணாடியே போடுகிறவள் இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

இரண்டு மணி நேரம் பியானோ. கடைசியில் ஒரு பெண். பூட்டைத் திறந்துவிட்டாள். இந்தப் போன் நம்பரை மாற்றித் தொலைங்களேன் என்று கெஞ்சினேன். அதற்கு ஒரு படிவம் உண்டாம். வங்கியில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை நகலோடு தபாலில் அனுப்ப வேண்டும். ஆறு வாரம் ஆகும்.

"அதுலயே மின்னஞ்சலையும் மாத்திக்குங்க, மாத்தணும்னா. இப்ப குடும்பப் பேர்ல ஒண்ணு இருக்கு."

"எந்தக் குடும்பம்?"

முகவரியைப் படித்தாள். நானும் வெஸ்ஸும் கல்யாணமான புதிதில் இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டது. விவாகரத்தான வாரமே அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான்.

"அதுக்கு ஏதாவது போகுதா?"

"வாரா வாரம் போகுது மேடம். நீங்க பதில் குடுத்ததும் ஒரு நகல்."

போனை வைத்தேன். பதினாறு மணி நேரம். பாவி, என் தாளை ஞாயிறு தோறும் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேரன் சொல்லவில்லை. அவள் சொல்லவே இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

படிவம் வங்கியில் கையெழுத்தாகி வெள்ளியன்றே தபாலில் போய்விட்டது. அது போய்ச் சேரும் வரை அதே ரெனே, அதே எண். தவறிப்போன வாரத்தையும் சேர்த்து இரண்டு முறை இல்லை. நகல் போனால் போகட்டும். மணிக்கணக்கைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறார்கள்? நிலையற்ற வேலை என்று மனுவிலேயே எழுதியாயிற்று.

மேரனை அழைத்து வந்தேன். காரில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். 'நீ சொல்லலைன்னு தெரிஞ்சுபோச்சு, அம்மா தப்பு' — இவ்வளவுதான், ஐந்து விநாடி. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் பான்கேக் சுட்டுக் கொடுத்தேன், மேப்பிள் பாகு தாராளமாக ஊற்றி. அவளுக்குப் புரிந்திருக்கும்.

புரிந்திருக்குமா?

ஜனவரி 20, சனி

பிள்ளை சார்பாகப் பேச நீதிமன்றம் அமர்த்திய வக்கீல் வந்தார். திருமதி ஓடெகார்ட். அறுபது வயது, கம்பளித் தொப்பி, மரியாதையானவர். பூட்ஸை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். வெப்பமானியைப் பார்த்தார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டு, அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நானும் பெட்டியில் பால் கொஞ்சமாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு மேரனோடு அவள் அறையில் அரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு.

போகும்போது, "அருமையான பிள்ள. ரொம்ப யோசிச்சு யோசிச்சுப் பேசுது" என்றார்.

நல்ல வார்த்தைதானே அது?

ஜனவரி 28, ஞாயிறு

இல்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ. கை தானாகவே அழுத்துகிறது.

பிப்ரவரி 8, வியாழன்

பெவ் தன்னுடைய நல்ல கோட்டைக் கொடுத்தாள், விசாரணைக்குப் போட்டுக்கொள்ள. பையில் ஒரு பழைய இருமல் மிட்டாய் இருந்தது. "வக்கீல் வச்சுக்கலையாடி?" என்றாள். எதை வைத்து வைப்பது? "அப்ப நேராப் பாத்துப் பேசு. அழாத. அழுதா பலவீனம்பானுங்க. அழாம இருந்தா கல்நெஞ்சம்பானுங்க. பரவால்ல, அழாத."

பிப்ரவரி 15, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இது நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வீடு சுத்தம், வெப்பம் சரி, பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள் என்று ஓடெகார்ட் சொன்னார். நீதிபதி தலையாட்டினார். வெஸ் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவனுடைய வக்கீல் ஒரு கோப்பைத் திறந்தார். தாள்களை மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது நீங்க மாநிலத்துக்குக் குடுத்த வாராந்தர வாக்குமூலம். கீழ உங்க மின் கையெழுத்து. சரிதானே?"

"ஆமா."

"டிசம்பர் மூணு. யாரையாவது கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இருக்கிறதா? இல்லை. டிசம்பர் பத்து. இல்லை. டிசம்பர் பதினேழு, அன்னிக்கு சாயங்காலம் உங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றா. இல்லை."

பதினொன்றையும் படித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. ரெனே பின்வரிசையில் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, ஜெபக் கூட்டத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அது... அது வேலையத் தடுக்கற மாதிரின்னு கேக்குது. மெஷின் கேக்கற கேள்வி அது. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றேன். என் வாயிலிருந்து பெவ் பேசினாள். பெவ் வாயில் அது நன்றாக இருந்தது. அந்த அறையில் நாறியது.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பொய் சொல்லி அரசாங்கக் காசு வாங்கினீங்களா? இல்ல, நெசமாவே பிள்ளையக் கவனிக்கற பொறுப்பு உங்களுக்கு இல்லன்னு நெனச்சீங்களா?"

ரெண்டும் இல்லை. ரெண்டும் இல்லைங்க. அவ குளிர்ல படுக்கக் கூடாதுன்னுதான் — இதை நான் சத்தமாகச் சொன்னேனா? சொன்னதாக நினைவு. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு ஓடெகார்டைக் கேட்டார், பிள்ளை என்ன சொன்னாள் என்று. ஓடெகார்ட் என் பக்கம் பார்க்காமல் படித்தார். "'எனக்கு அம்மாவப் பிடிக்கும். ஆனா நான் சொல்லாததுக்கு அம்மா என்னைய உளவாளின்னு சொன்னாங்க. அப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல. அந்த வீட்டுல எதச் சொல்லலாம், இந்த வீட்டுல எதச் சொல்லலாம்னு எனக்குத் தெரியல. ஒரே வீடா இருந்தா நல்லாருக்கும்.'"

ஒரு மெஷினிடம், முன்பின் தெரியாத மெஷினிடம் மன்னிப்புக் கேட்டேனே. பெற்ற பிள்ளையிடம் கேட்க ஒரு மாதம் இருந்தது எனக்கு. பான்கேக் சுட்டேன்.

ஞாயிறு முதல் பள்ளி நாட்கள் அவனிடம். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு சனி ஞாயிறு.

வெளியே வாசலில் வெஸ், "இங்க பாரு கோரின், இது உன் மேல இருக்கற கோபத்துல இல்ல" என்றான். ரெனே என் தோளைத் தொட்டாள். "எண் வேணும்னா எப்பவும் போல கூப்பிடுங்க செல்லம்."

தொட்ட இடத்தில் பெவ்வின் கோட்டை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பெட்ரோல் பங்க். இரண்டு பெட்டி, ஒரு பை, கிதார் இல்லாத கிதார் உறை. அதில்தான் பொம்மைகளை வைத்திருக்கிறாள். "நீ சொல்லலைன்னு அம்மாவுக்குத் தெரியும். மன்னிச்சுக்கோ" என்றேன். கார் கதவு திறந்திருந்தது, காற்று அப்படி அடித்தது, வெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"பரவால்லம்மா" என்றாள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற பரவாயில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

எண் கேட்கவில்லை. வாரம் போனால் போகட்டும். வெப்பத்தைக் குறைத்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

மாநிலத்திலிருந்து கடிதம். கணக்கு பற்றி என்று நினைத்துத் திறந்தேன். நவம்பரில் நிறுத்திவைத்த இரண்டு வாரங்களின் விசாரணை முடிந்துவிட்டதாம்.

'ஏழாம் கேள்விக்கு நீங்கள் அளித்த விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. உங்கள் தொழிலின் வழக்கமான பகல் நேரங்களில் நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்துள்ளீர்கள். மகளைக் கவனிக்கும் பொறுப்பு உங்கள் தகுதியைப் பாதிக்காது. இரண்டு வாரத் தொகையும் வழங்கப்படும்.'

மூன்று நாற்பதுக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தேனே. அது செல்லுமாம். உண்மை செல்லுமாம். கொஞ்சம் தாமதமாகச் செல்லும், அவ்வளவுதான்.

பெவ்விடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். சிரிக்கவில்லை. "நான் எனக்குத் தெரிஞ்சதத்தான்டி சொன்னேன்" என்றாள். ஆமாம் என்றேன். கோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். இருமல் மிட்டாய் பையிலேயே இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

படிவம் வேலை செய்துவிட்டது. மின்னஞ்சல் என்னுடையது, போன் என்னுடையது. எண் கேட்டேன். இரண்டு விநாடியில் என் கையிலேயே டிங் என்றது. மாவுக் கை இல்லை, செல்லம் இல்லை, திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு பன்னிரண்டு டிகிரி. எனக்கு அது போதும்.

மணி நேரம் பதினாறு. வேறு வேலை தேடினேன். எதையும் மறுக்கவில்லை.

ஏழாவது. யாரையாவது கவனித்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறதா?

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எழுத வேண்டியது நிறைய இருந்தது, ஐந்நூறு எழுத்தில் அடங்காது. ஆனால் ஆம் என்றால்தான் அந்தப் பெட்டி திறக்கும். இன்றைக்கு ஆம் என்பது பொய்.

'இல்லை' என்று அழுத்தினேன். எட்டாவது கேள்வி வந்தது.